அம்பது வருஷமா சைக்கிள் மிதிச்சவருக்கு இப்ப எந்த வண்டி?

எழுபதைத் தொடப்போற ஒருத்தர் சைக்கிள் கடைக்குப் போய் புது வண்டி பாக்கணும்னு சொன்னா, கடைக்காரர் மொதல்ல கேக்குறது "பேரனுக்கா சார்?"னுதான். இல்லப்பா எனக்குத்தான்னு சொன்னதும் மூலையில தூசி படிஞ்சு நிக்கிற கருப்பு வண்டியைக் கை காட்டுவார், இல்லேன்னா "இந்த வயசுல எதுக்கு சார் மிதிச்சிக்கிட்டு, பேட்டரி வண்டி எடுத்துக்குங்க"ம்பார். இது ரெண்டுக்கும் நடுவுல நாலஞ்சு வகை இருக்கு, அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கிறதில்ல. எங்க மாமாவுக்கு, அம்மாவோட தம்பி, வலங்கைமான் பக்கம் கிராமம், அவருக்கு வண்டி பாக்குறேன்னு கும்பகோணம் தஞ்சாவூர் மன்னார்குடின்னு கடை கடையா ஏறி இறங்குனதுல தெரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதுறேன், இதே நிலைமையில அப்பாவோ மாமனாரோ இருக்கிறவங்களுக்கு உதவும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடணும். வயசானவங்களுக்கு சைக்கிள்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் புதுசா ஓட்டக் கத்துக்கப்போற ஆளுக்குச் சொல்ற மாதிரி சொல்றாங்க, மெதுவா போற வண்டி வாங்குங்க, கனமா இருந்தா ஆடாது, அகல டயரு போடுங்கன்னு. மாமா அப்படி இல்ல. குரங்கு பெடல் போட்டுக் கத்துக்கிட்டு, எரு மூட்டை, புல்லுக்கட்டு, அத்தை, ரெண்டு புள்ளைங்கன்னு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வாய்க்கா வரப்புல ஒத்தையடிப் பாதையில ஓட்டுன ஆளு. இன்னைக்கும் வண்டி உருள ஆரம்பிச்சுட்டா என்னைவிட நேரா ஓட்டுவார். அந்தக் கை அப்படியே இருக்கு. போனது வேற.

அவரு ஏறுற விதத்தைப் பாத்தா புரியும். இடது காலைப் பெடல்ல வெச்சு, வலது காலால தரையில ரெண்டு மூணு தட்டு, வண்டி வேகம் எடுத்ததும் வலது காலைப் பின்னால வீசி கேரியருக்கு மேல கொண்டுபோய் அந்தப் பக்கம் போடணும். நம்ம பக்கம் ஆம்பளைங்க எல்லாருக்கும் இதுதான் பழக்கம். இப்ப அந்தக் கால் கேரியர் உசரத்துக்கு வர மாட்டேங்குது, கெண்டைக்கால் கேரியர்ல இடிக்குது, ஒரு தடவை வேட்டி நுனி கேரியர் கிளிப்புல மாட்டி மதகுகிட்ட சாஞ்சுட்டார். பெருசா அடி இல்ல, முட்டியில சிராய்ப்புதான், ஆனா அத்தை அன்னைலேர்ந்து வண்டி சாவியை ஒளிச்சு வெக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவரும் சளைக்கல, பூட்டாமயே வெச்சுட்டு போயிட்டார்.

அதனால நான் வந்து நின்ன இடம் இதுதான்: நல்லா ஓட்டத் தெரிஞ்ச வயசாளிக்கு ஓட்டுறது பிரச்சனை கிடையாது, ஏறுறது, இறங்குறது, திடீர்னு நிக்கிறது, இந்த மூணுலதான் விழறாங்க. இடுப்பெலும்பு முறியறதும் பல நேரம் வண்டி நின்ன நிலையில அப்படியே பக்கவாட்டுல சாயறப்பதான். எந்த வண்டியா இருந்தாலும் இந்த மூணுக்கும் பதில் சொல்லிட்டு அப்புறம்தான் கியரு மோட்டாரு எல்லாம் பேசணும்.

சரி, பழைய கருப்பு வண்டியிலேர்ந்து ஆரம்பிப்போம். மாமாவுக்கு மனசு இங்கதான். "மாப்ள, இதையே ஓவராயில் பண்ணிட்டு புது டயரு போட்டா இன்னும் பத்து வருசம் ஓடும்டா"ன்னார், அது பொய்யும் இல்ல. 28 இன்ச் சக்கரம், ராடு பிரேக்கு, முழுசா மூடுன செயின் கவரு, பின்னால டபுள் ஸ்டாண்டு, ஸ்பிரிங் வெச்ச சீட்டு. நம்ம ஊரு குண்டு குழியில 28 இன்ச் சக்கரம் மாதிரி சுகம் வேற எதுவும் தராது, பெரிய சக்கரம் குழியில முழுசா இறங்காம தாண்டிடும். வேட்டி செயின்ல மாட்டாது, சேறு முதுகுல அடிக்காது, எந்தப் பஞ்சர் கடையிலயும் கண்ணை மூடிக்கிட்டு கழட்டி மாட்டுவாங்க. புதுசா வாங்குனாலும் ஹீரோ ஜெட் மாதிரி வண்டிங்க இன்னும் கிடைக்குது, ஆறிலேர்ந்து எட்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுடும். ஆனா முன்ன மாதிரி பல கம்பெனி இல்ல, அட்லஸ் சாகிபாபாத் ஃபேக்டரியை 2020 ஜூன்ல மூடிட்டாங்க, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்னைக்கே.

குறை என்னன்னா, பார். 22 இன்ச், 24 இன்ச் ஃப்ரேமுல குறுக்குக் கம்பி அத்தனை உசரத்துல இருக்கு, பின்னாலதான் ஏறணும், வேற வழி கிடையாது. அடுத்தது கனம், கேரியரு ஸ்டாண்டு சேத்து 20 கிலோவைத் தாண்டும். சமதரையில உருள்றப்ப இந்தக் கனம் தெரியவே தெரியாது, அதனாலதான் ஜனங்க இதைக் கண்டுக்கிறதில்ல. எங்க தெரியும்னா ராத்திரி வண்டியைத் திண்ணை மேல ஏத்தி ரேழியில விடறப்ப தெரியும். டபுள் ஸ்டாண்டு போடறதுக்கு வண்டியைப் பின்னால இழுத்துத் தூக்குறப்ப இடுப்பு சொல்லும். மூணாவது, ராடு பிரேக்கு. மழையில இரும்பு ரிம்மு நனைஞ்சுட்டா பிரேக் கட்டை வழுக்கிக்கிட்டே போகும், ஐப்பசி கார்த்திகையில இதை நம்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் போறது தைரியம்தான்.

ஒரு சின்ன வேலை இருக்கு, பழைய வண்டியை விடவே மாட்டேங்கிறவங்களுக்கு. பின்சக்கரத்துல செயின் ஓடுற சின்னப் பல்சக்கரம், ஃப்ரீவீல்ம்பாங்க, அது வழக்கமா 18 பல்லு, முன்னால பெடல்கிட்ட இருக்கிற பெரிய பல்சக்கரம் 44 பல்லு. ஒரு சுத்து மிதிச்சா வண்டி அஞ்சே கால், அஞ்சரை மீட்டர் போகும். ஃப்ரீவீலை மட்டும் மாத்தி 22 பல்லு போட்டா ஒரு சுத்துக்கு நாலரை மீட்டர், நிமிசத்துக்கு 60 சுத்து மிதிக்கிற ஆளுக்கு வேகம் மணிக்கு பத்தொம்பதுலேர்ந்து பதினாறா குறையும், அவ்வளவுதான், ஆனா முட்டிக்கு விழற பாரம் அதே அளவுக்குக் குறையும். 22 இல்லேன்னா 20 பல்லாவது போடுங்க. செயின்ல ஒண்ணு ரெண்டு கண்ணி சேக்கணும், சில நூறு ரூபா வேலை. முட்டிவலின்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையுறவங்க மொதல்ல இதைப் பண்ணலாம்.

இங்க காத்தைப் பத்தி பேசாம முடியாது. டெல்டாவுல மேடே கிடையாதே, உங்களுக்கு எதுக்கு கியரு வண்டின்னு எல்லாக் கடையிலயும் கேட்டாங்க. மேடு இல்லதான், தஞ்சாவூரு கடல்மட்டத்துலேர்ந்து 60 மீட்டருக்குக் கிட்ட, கும்பகோணம் 25க்குக் கிட்ட, நடுவுல 40 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்கல. ஆத்துப்பாலம் ஏறுறதும் கரைமேட்டுல ஏறுறதும்தான் நமக்கு மலை. ஆனா ஆனி ஆடி மேல்காத்தை அந்தக் கடைக்காரங்க யாரும் சைக்கிள்ல அனுபவிக்கலன்னு நெனைக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்து திருச்சி தஞ்சாவூரு வழியா அடிச்சுக்கிட்டு வரும் பாருங்க, நீங்க 15 கிலோமீட்டர் வேகத்துல போறீங்க, காத்து 20ல எதிர்க்க வருது, நெஞ்சுல மோதுறது 35. காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும், அதாவது காத்தில்லாத நாளைவிட அஞ்சு மடங்குக்கு மேல தள்ளும். மாமாவுக்குப் பொண்ணு வீடு பாபநாசத்துல. ஆடி மாசம் அங்க போறப்ப மேக்கே போகணும், வர்றப்ப காத்தே தள்ளிக்கிட்டு வந்து வீட்டுல விட்டுடும். போறப்பதான் உயிரு போகும். அப்ப லேசா மிதிக்கிற மாதிரி ஒரு சின்னக் கியரு இருந்தா மெதுவா ஆனா மூச்சு வாங்காம போகலாம், நிறுத்த வேண்டியதில்ல. நிறுத்த வேண்டியதில்லன்னா இறங்கி ஏறவும் வேண்டியதில்ல, மறுபடி அந்த மூணு விஷயத்துக்கே வருது பாருங்க.

அடுத்து லேடீஸ் சைக்கிள். பிஎஸ்ஏ லேடிபேர்டு மாதிரி வண்டிங்க. குறுக்குக் கம்பி இல்ல, வளைஞ்சு கீழ இறங்கியிருக்கும், காலை முன்னால தூக்கி உள்ள வெச்சு ஏறிடலாம். முட்டி உசரத்துக்குத் தூக்குனா போதும். செயின் கவரு இருக்கும், முன்னால கூடை இருக்கும், காய்கறி கடைக்கு அதைவிட வசதி எதுவும் இல்ல. விலையும் கருப்பு வண்டி அளவுதான். நியாயமா பாத்தா வேட்டி கட்டுற ஆளுக்கு இதுதான் பொருத்தம், புடவை கட்டுறவங்களுக்குன்னு செஞ்ச அமைப்பு வேட்டிக்கு மட்டும் ஒத்துவராதா என்ன. மாமாகிட்ட சொன்னேன். ஒரு நிமிசம் பேசல. அப்புறம் "டேய், டீக்கடையில பொம்பள வண்டின்னு ஒரு வாரம் ஓட்டுவானுங்கடா"ன்னார். அத்தை உள்ளேர்ந்து "வீழ்ந்து கெடந்தா மட்டும் ஓட்ட மாட்டானுங்களா?"ன்னாங்க. நெதர்லாந்துல வயசான ஆம்பளைங்க இப்படித் தாழ்ந்த ஃப்ரேமு வண்டியில போறது சர்வ சாதாரணம்னு சொல்லிப் பாத்தேன், வலங்கைமான் நெதர்லாந்து இல்லையேன்னுட்டார். சிரிக்கிற விஷயமா தெரியலாம், ஆனா புடிக்காத வண்டியை வாங்கிக் குடுத்தா அது திண்ணையிலயே நிக்கும், மனுசன் பழைய வண்டியைத்தான் எடுத்துட்டுப் போவார். அதையும் கணக்குல வெச்சுக்கணும்.

வீம்பை விட்டுட்டுப் பாத்தாலும் அதுல நெசமான குறை உண்டு. பெரும்பாலும் 26 இன்ச் சக்கரம், ஃப்ரேமு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க அளவுக்குச் செஞ்சது, அஞ்சேமுக்கால் அடி ஆளு உக்காந்தா முட்டி ஹேண்டில்பார்ல இடிக்கிற மாதிரி இருக்கும். சீட்டை உசத்தினாலும் கம்பி நீளம் ஒரு அளவுக்கு மேல இல்ல. தாழ்ந்த ஃப்ரேமு, பாரமேத்துனா லேசா வளைஞ்சு குடுக்கும், பின்னால அரை மூட்டை வெச்சுக்கிட்டு திரும்பினா தலையும் வாலும் வேற வேற பக்கம் போற உணர்வு வரும். பழகாதவனுக்கு இது தெரியாது, அம்பது வருஷம் ஓட்டுன கைக்கு உடனே தெரிஞ்சுடும். குள்ளமான ஆளு, ஊருக்குள்ள மட்டும், கோயிலு மார்க்கெட்டுன்னு ரெண்டு மூணு கிலோமீட்டர்தான்னா தாராளமா இதையே வாங்கலாம், மேல யோசிக்கவே வேணாம்.

எம்டிபின்னு, அதாவது மலைப்பாதைக்குன்னு செஞ்ச வண்டி, கடையில வாசல்ல வரிசையா நிக்குமே, மஞ்சளும் பச்சையுமா, முன்னால ஷாக், தடி டயரு. வேணாம். கனம் கருப்பு வண்டிக்குக் குறையாது, பார் உசரம், மட்கார்டு பேருக்கு ஒரு பிளாஸ்டிக்கு, விலை குறைஞ்ச வண்டியில அந்த ஷாக் ஒரு வருசத்துல துருப்பிடிச்சு இறுகிடும், தடி டயரு எதிர்காத்துல இன்னும் இழுக்கும். பேரனுக்கு வேணும்னா வாங்கிக் குடுங்க.

இப்ப ஹைபிரிட், ரோட்டுல வேகமா போற வண்டியும் எம்டிபியும் கலந்த வகை. இங்கதான் கொஞ்சம் நிக்கணும். 700சி சக்கரம், அதாவது கிட்டத்தட்ட நம்ம 28 இன்ச் அளவு, ஆனா அலுமினிய ரிம்மு, 35லேர்ந்து 40 மி.மீ. அகல டயரு, பின்னால ஆறு ஏழு கியரு, மொத்தக் கனம் 14, 15 கிலோ. மாமா மொத தடவை ஒரு கையால தூக்கிப் பாத்துட்டு "என்னடா உள்ள ஒண்ணும் இல்லையா?"ன்னார். ஓட்டிப் பாத்துட்டு வந்து கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லாம இன்னொரு சுத்து போயிட்டு வந்தார், அதுலயே எனக்குப் புரிஞ்சு போச்சு. ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு லேசான வண்டி உடனே புடிக்கும், திருப்புன பக்கம் திரும்பும், மிதிச்ச மிதிக்கு நகரும். வயசானவர்னு கனமான மந்தமான வண்டியைக் குடுக்கிறது அவரோட கைக்குப் பண்ற அநியாயம். பிரேக்கும் அப்படித்தான், அலுமினிய ரிம்முல வி-பிரேக்கு மழையிலயும் பிடிக்கும், விரல் வலிமை குறைஞ்ச கைக்கு லேசா அழுத்துனா போதும். டிஸ்க் பிரேக்கு சேத்துல இன்னும் நல்லா நிக்கும், ஆனா கிராமத்துக் கடையில தட்டு வளைஞ்சா சரிபண்ண ஆளு இருக்கான்னு பாத்துக்குங்க.

இதுல தாழ்ந்த ஃப்ரேமு உள்ள மாடலும் வருது, சில கம்பெனி சிட்டி பைக்குன்னு பேரு வெச்சு விக்கிறாங்க, ஆம்பள பொம்பள ரெண்டு பேருக்கும்னு. கலரு சாம்பலோ கருநீலமோ, பாக்க லேடீஸ் சைக்கிள் மாதிரியே இருக்காது, கம்பி நேரா சாய்வா இறங்கியிருக்கும். டீக்கடைப் பிரச்சனை அங்கேயே தீந்துடும். கும்பகோணத்துல ஸ்டாக் வெக்கிறது குறைவு, சொல்லி வெச்சா வரவழைச்சுத் தர்றாங்க. ஏறக்குறைய பதினஞ்சுலேர்ந்து முப்பதாயிரம் வரைக்கும் போகுது. 2025 செப்டம்பர் 22லேர்ந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துலேர்ந்து 5 ஆயிடுச்சு, பழைய விலை ஸ்டிக்கரைக் காட்டினா கேளுங்க.

ஆனா கடையில நிக்கிற நெலமையில அது நம்ம ஊருக்கு ரெடி கிடையாது. மட்கார்டு இருக்காது, அல்லது அரைகுறையா இருக்கும், ஐப்பசி மழையில வெள்ளை வேட்டி சட்டையில போயிட்டு வந்தா முதுகுல கீழேர்ந்து மேல வரைக்கும் ஒரு சேத்துக்கோடு போட்டுடும். கேரியரு தனியா மாட்டணும். சைடு ஸ்டாண்டு ஒத்தைக்கால், ஈரமண்ணுல புதைஞ்சு வண்டி சாயும், அதனால ரெண்டு கால் சென்டர் ஸ்டாண்டு கேட்டு வாங்கணும். செயின் தெறந்து கெடக்கும், கியரு உள்ள வண்டிக்கு முழு செயின் கவரு போட முடியாது, முன்பல்லுக்கு மட்டும் ஒரு வட்டத் தட்டு வரும், வேட்டியை மடிச்சுக் கட்டாம ஏறக்கூடாது. இதெல்லாம் சேத்து ரெண்டு மூவாயிரம் ஆகும், அதை விலைபேசறப்பவே சேத்துப் பேசுங்க.

இன்னொரு விஷயம், இது டெல்டாக்காரங்களுக்கு மட்டுமே புரியும். பங்குனி சித்திரையில உளுந்து பயறு அறுத்து செடியோட ரோட்டுல பரப்பி வெச்சிருப்பாங்க, பஸ்சும் லாரியும் ஏறி மிதிச்சுட்டுப் போகணும்னு. வைக்கோலும் அப்படித்தான். கருப்பு வண்டியில அது மேல சரசரன்னு போயிடலாம். கியரு வண்டியில பின்னால தொங்குற, செயினை மாத்திவிடற டீரெய்லர்ல அந்தக் கொடி போய் சுத்திக்கும், சின்னப் பல்சக்கரத்துக்குள்ள நாரு நாரா இறுகும், கவனிக்காம அழுத்தி மிதிச்சா டீரெய்லர் அப்படியே வளைஞ்சு ஸ்போக்ஸுக்குள்ள போயிடும். அந்த சீசன்ல அந்தப் பக்கம் வந்தா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போயிடணும், இல்ல சுத்திப் போகணும். காயப்போட்ட நெல்லுமேல எந்த வண்டியும் வழுக்கும், அது தனி.

இதுக்கு அருமையான தீர்வு ஒண்ணு இருக்கு, ஹப்புக்குள்ளயே, அதாவது சக்கரத்தோட நடு உருளைக்குள்ளயே கியரு. ஸ்டர்மி ஆர்ச்சர்ங்கிற கம்பெனியோட மூணு கியரு ஹப்பு நூறு வருசத்துக்கு மேல உலகத்துல ஓடிக்கிட்டு இருக்கு, நடு கியரு நேரடி, கீழ்க் கியரு நாலுல மூணு பங்கு, மேல்க் கியரு மூணுல ஒரு பங்கு கூடுதல். எல்லாம் உருளைக்குள்ள மூடி இருக்கிறதால வைக்கோலு சேறு எதுவும் அண்டாது, செயின் கவரு முழுசா போடலாம், அதைவிட முக்கியம், வண்டி நின்னப்புறமும் கியரு மாத்தலாம். டீரெய்லர்ல மிதிச்சுக்கிட்டே இருந்தாத்தான் மாறும், பெரிய கியருல இருக்கிறப்ப திடீர்னு எருமை குறுக்க வந்து நின்னுட்டா மறுபடி கெளம்பறப்ப அழுத்தி மிதிக்கணும், தடுமாறும். டெல்டாவுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு சாமான், ஆனா நம்ம பக்கத்துக் கடைங்கள்ல எனக்கு ஒண்ணுகூட கண்ணுல படல, கேட்டாலும் தெரியாதுங்கிறாங்க. வெளிநாட்டுலேர்ந்து யாராவது கொண்டு வந்தா விடாதீங்க.

பேட்டரி வண்டிக்கு வருவோம். நான் ஆரம்பத்துல இது பக்கம்தான் சாஞ்சேன், மேல்காத்துக்கு இதைவிட பதில் இல்லேன்னு. சட்டப்படி 250 வாட்டுக்குள்ள மோட்டாரு, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ளன்னா லைசென்சும் வேணாம், ரிஜிஸ்ட்ரேஷனும் வேணாம். 36 வோல்ட், ஏழெட்டு ஆம்பியர் அவர் பேட்டரின்னா ஒரு முறை சார்ஜ் பண்ண கரண்ட் யூனிட்ல மூணுல ஒரு பங்கு, செலவே இல்ல. அட்டையில 40, 50 கிலோமீட்டர்னு போட்டிருக்கும், எதிர்காத்துல பாதின்னு வெச்சுக்குங்க. நெஞ்சு ஆபரேஷன் பண்ணவங்க, மூச்சு வாங்குறவங்க, முட்டி தேஞ்சு போயிருக்கு ஆனா தினமும் பதினஞ்சு இருபது கிலோமீட்டர் போயே ஆகணும்கிறவங்களுக்கு இது வரம், அதுல மாத்துக் கருத்து இல்ல.

ஆனா மலிவான வண்டியில மோட்டாரை இயக்குறது பெடல் சுத்துதா இல்லையான்னு மட்டும் பாக்குற சென்சார். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீங்கன்னு அதுக்குத் தெரியாது. அரைச்சுத்து மிதிச்சதும் பின்னாலேர்ந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி படக்குன்னு கெளம்பும். மாமாவோட பழக்கத்தை நெனைச்சுப் பாருங்க, ஒரு கால் பெடல்ல, இன்னொரு கால் தரையில, அந்த நேரத்துல வண்டி தானா முன்னால போனா என்ன ஆகும்? அழுத்தத்தை அளந்து அதுக்கேத்த மாதிரி தள்ளுற டார்க் சென்சார் வண்டிங்க இருக்கு, ஓட்டுறப்ப மோட்டாரு இருக்கிறதே தெரியாது, நம்ம காலுக்கே வயசு குறைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா விலை எங்கயோ போயிடுது. கனமும் 20, 25 கிலோ, திண்ணைப் படியில பழைய கதைதான். நெதர்லாந்துல 2017ல சைக்கிள்ல போய் எறந்தவங்க 206 பேரு, கார்ல எறந்தவங்க 201, சைக்கிள்ல எறந்தவங்கள்ல கால்வாசிக்கு மேல மின்சார சைக்கிள்காரங்க, வயசானவங்க அதுல நிறைய. சைக்கிளுக்குன்னே தனி ரோடு போட்ட நாட்டுலயே அப்படின்னா மெயின்ரோட்டுல மணல் லாரிக்குப் பக்கத்துல போற நம்ம நெலமையை யோசிக்கணும். நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு ஆபத்து கூடுதலா இருக்கு, பழைய நெனைப்புல வேகமா போயிடுவார், நிறுத்துற கைக்கும் கண்ணுக்கும்தான் வயசாயிருக்கும்.

ரிப்பேரும் ஒரு தலைவலி. எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு வாங்கி, மழைத்தண்ணி தேங்குன ரோட்டுல போயிட்டு வந்ததும் மோட்டாரு நின்னு போச்சு, வாங்குன கடையில கம்பெனிக்கு அனுப்பணும்னு சொல்லி மாசக்கணக்குல வெச்சுக்கிட்டாங்க. பேட்டரி ஐநூறு தடவைக்கு மேல சார்ஜ் ஆனப்புறம் தாங்கறது குறையும், மாத்தணும்னா ஒரு நல்ல சாதா சைக்கிள் விலை. வாங்கறதா இருந்தா பேட்டரியைத் தனியா கழட்டி வீட்டுக்குள்ள வெச்சு சார்ஜ் பண்ற மாதிரி பாருங்க, பிரேக்கைத் தொட்டதும் மோட்டாரு அணையுற வசதி இருக்கான்னு கடையிலயே சோதிச்சுப் பாருங்க, மோட்டாரை அணைச்சுட்டு வெறும் காலால மிதிச்சுப் பாருங்க. கடைசியா சொன்னதுல பல வண்டி தோத்துடும்.

மூணு சக்கர சைக்கிளும் ஒருத்தர் சொன்னார், விழவே விழாதுன்னு. இரு சக்கரத்துல ஊறிப்போன ஆளு திரும்பறப்ப உடம்பைச் சாய்ப்பார், மூணு சக்கரம் சாயாது, வேகமா திருப்புனா வெளிப்பக்கமா கவுத்துடும். நம்ம ஆத்தங்கரை ரோடு வேற ஒரு பக்கம் சரிஞ்சே இருக்கும், வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கிட்டு போகும். சுத்தமா நிதானம் போனவங்களுக்கு, அதுவும் தெருவுக்குள்ள, சரி. மடக்குற 20 இன்ச் வண்டி ஏறி இறங்க சுலபம், ஆனா சின்னச் சக்கரம் குழியில முழுசா விழும், ஹேண்டில் துள்ளும். ஃபிளாட்டுல இருக்கிறவங்க பாத்துக்கட்டும்.

எதை வாங்குனாலும் சீட்டு உசரத்தை மட்டும் சரியா வெச்சுக் குடுங்க. வயசானவங்க ரெண்டு காலும் தரையில படணும்னு சீட்டை அடியோட இறக்கி வெச்சிருப்பாங்க, முட்டி மடங்கியே மிதிக்கிறதால முன்முட்டியில வலி வரும். சீட்டுல உக்காந்து குதிகாலைப் பெடல்ல வெச்சு, பெடல் கீழ போறப்ப கால் நேரா ஆகணும், அதான் கணக்கு, அதுலேர்ந்து அரை இன்ச் வேணா இறக்கிக்கலாம். அப்ப நிக்கறப்ப சீட்டை விட்டு முன்னால இறங்கி நிக்கணும், பார் இல்லாத ஃப்ரேமுல மட்டும்தான் இது வயசான காலுக்குச் சுலபம். ஹேண்டிலை சீட்டைவிட உசரமா வெச்சா கழுத்து மணிக்கட்டு ரெண்டும் பொழைக்கும். கழுத்து முன்ன மாதிரி திரும்பாது, அதனால வலப்பக்கம் ஒரு கண்ணாடி, கூச்சப்படாம மாட்டிடுங்க. பிரஷருக்கு மாத்திரை போடறவங்களுக்கு குனிஞ்சு நிமிந்தா தலை சுத்துறது உண்டு, பூட்டை கீழ சக்கரத்துல வெக்காம சீட்டுக்கடியில வெக்கலாம், சின்ன விஷயம்தான்.

டயரு டியூப்பு வாங்குறப்ப வால்வைப் பாருங்க. பழைய வண்டியில வால்டியூப்பு போட்ட வால்வு, எந்தக் கையடி பம்புலயும் ஏறும். புது ஹைபிரிட்ல மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வு வரும், பெட்ரோல் பங்குல அடிச்சுக்கலாம், ஆனா வீட்டுல இருக்கிற பழைய பம்பு வாய் ஒத்துவராது, நூறு இருநூறுல வாய் மாத்திக்கலாம்.

இப்ப என் கணக்கு. ஊருக்குள்ள மட்டும் ஓட்டுறவர், உசரம் கம்மி, வீம்பு கம்மின்னா லேடீஸ் சைக்கிள், கூடவே ஃப்ரீவீலை 20 பல்லா மாத்திடுங்க. கால் இன்னும் நல்லா தூக்க வருது, மூட்டை ஏத்தியாகணும், ரிப்பேருக்கு கிராமத்துக் கடைதான்னா பழைய கருப்பு வண்டியையே ஓவராயில் பண்ணி, பல்லு மாத்தி, கேரியரை மட்டும் சின்னதா மாத்துங்க, கால் தாண்ட வேண்டிய உசரம் கொஞ்சம் குறையும். உடம்புக்கு முடியல ஆனா தூரம் போயே ஆகணும்னா டார்க் சென்சார் பேட்டரி வண்டி, அதுக்குக் குறைஞ்சது வேணாம். மத்தபடி மாமா மாதிரி நல்லா ஓட்டுற, கால் மட்டும் வீச வராத ஆளுங்களுக்கு தாழ்ந்த ஃப்ரேமு ஹைபிரிட்தான், மட்கார்டு, கேரியரு, சென்டர் ஸ்டாண்டு போட்டு. அந்த வைக்கோல் பிரச்சனையோடவும் சேத்துத்தான் சொல்றேன்.

மாமாவுக்கு அதைத்தான் சொல்லி வெச்சிருக்கு, கருநீலம். ஆனி பொறக்குறதுக்குள்ள வந்துடணும்னு கடைக்காரர்கிட்ட சொல்லியிருக்கேன். இப்ப அவருக்கு இருக்கிற ஒரே கேள்வி, அந்தக் கேரியரு எத்தனை கிலோ தாங்கும்னு. 25 கிலோன்னு அதுலயே அச்சடிச்சிருக்கு மாமான்னேன். "அப்ப அத்தையை ஏத்த முடியாதா?"ன்னார். அத்தை பதில் சொல்லல, பஸ் பாஸை எடுத்துக் காட்டுனாங்க.